அந்த ஓட்டல் பில்லை நான்தான் கட்டுவேன்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் மருமகளைப் பெற்றவன், பம்பு மோட்டார் கடையின் கல்லாவில் உட்கார்ந்தபடி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் நலம். விமானத்தில் மடங்கிய என் வீட்டுக்காரியின் முழங்கால் மட்டும் இன்னும் முழுதாக நிமிரவில்லை. அங்கே உங்கள் ரத்த அழுத்தமும் சம்பந்தியம்மாவின் கோபமும் இறங்கியிருக்கும் என்று நம்புகிறேன். போனில் பேசாமல் கடிதம் எழுதக் காரணம் உண்டு. போனில் நாம் இருவரும் ஒரே சமயத்தில் பேசுகிறோம், ஒரே சமயத்தில் வைத்தும்விடுகிறோம். கடிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது.

விஷயம் அந்த ஓட்டல் பில்தான். வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போன இடத்தில், அவர்கள் வீட்டில் ஒருவர் திரும்பிப் படுத்தால் மற்றவர் எழுந்துகொள்ள வேண்டியிருக்கிறதே என்று, தெருமுனை ஓட்டலில் மாப்பிள்ளை பெயரில் இரண்டு அறை எடுத்து நாம் தங்கினோம். கிளம்புகிற அன்று காலை நடந்ததை உங்கள் மகனிடம் நீங்கள் வேறு மாதிரிச் சொல்லியிருப்பதாகக் கேள்வி. காலமெல்லாம் தணிக்கை அதிகாரியாக இருந்து ஊரார் கணக்கையெல்லாம் சரிபார்த்தவர் நீங்கள். ஆனாலும் நடந்ததை நடந்தபடி எழுதிவைப்பது என் கடமை.

நான் பெட்டியை உருட்டிக்கொண்டு வரவேற்பு மேசைக்கு வந்தபோது, நீங்கள் எனக்கு முன்பே வந்து சட்டைப் பையிலிருந்து கார்டை உருவிக்கொண்டிருந்தீர்கள். நான் உங்கள் கையைப் பிடித்தேன். மரியாதைக்காகப் பிடித்தேன். நீங்கள் தட்டிவிட்டீர்கள். அதுவும் மரியாதைதான் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

"கையை எடுங்க சம்பந்தி. பொண்ணைக் கொடுத்தவர்கிட்ட பில்லையும் கொடுக்கச் சொன்னா, கேக்கறவங்க என்ன நினைப்பாங்க?" என்றீர்கள்.

"பொண்ணைக் கொடுத்தவனுக்கு பில்லைக் கொடுக்கத் தெரியாதா? நீங்க நகருங்க" என்றேன்.

அந்த ஊரில் ஒருவர் நான் கொடுக்கிறேன் என்றால் மற்றவர் நன்றி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவாராம், அத்தோடு சரியாம். அப்படிப்பட்ட இடத்தில் வளர்ந்த பெண் மேசைக்குப் பின்னால் நின்று, முடி நரைத்த இரண்டு பேர் ஒரு கார்டுக்காக மல்லுக்கட்டுவதைப் பார்த்தால் என்ன நினைப்பாள்? நான் உங்கள் முழங்கையைப் பிடித்து இழுக்க, நீங்கள் என் சட்டைப் பையைப் பற்ற, பை கிழிந்து என் மூக்குக் கண்ணாடி ஒரு பக்கம் போக, உங்கள் கார்டு பறந்து போய்ப் பூந்தொட்டிக்குள் விழ, அவள் மணியை அடித்துவிட்டாள். காவலாளி ஓடி வந்து நம் இருவரையும் ஆளுக்கொரு கையில் பிரித்துப் பிடித்தான். நல்ல வாட்டசாட்டமான ஆள். பெட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்த மாப்பிள்ளை சத்தம் கேட்டு வந்து, அவர்கள் பாஷையில் ஏதோ விளக்கினார். காவலாளி என்னையும் உங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டான்.

"என்ன சொல்றான் மாப்பிள்ளை?"

"பணம் கொடுக்க மாட்டேன்னு சண்டை போட்டவங்களைப் பார்த்திருக்கானாம் மாமா. கொடுப்பேன்னு சண்டை போடறவங்களை இப்பதான் பாக்கறானாம். ரெண்டு பேர்கிட்டயும் முழுசா வாங்கிக்கலாமான்னு கேக்கறான்."

அந்தப் பெண்ணாவது பரவாயில்லை, பாதிப் பாதியாகப் போடட்டுமா என்று சிரித்த முகமாகக் கேட்டாள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நாம் இருவரும் ஒன்றாக நின்றோம். "நாங்க என்ன, பஸ்ல பக்கத்துப் பக்கத்து சீட்டுல வந்தவங்களா?" என்று நீங்கள் கேட்டது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. சம்பந்தியை மதிக்கத் தெரிந்த மனிதர் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். அவசரப்பட்டு நினைத்துவிட்டேனோ என்று பிறகு தோன்றியது.

மூச்சு வாங்குகிறது, கொஞ்சம் உட்காருங்கள் என்று காவலாளி நம்மை சோபாவில் உட்காரவைத்தான். மாப்பிள்ளை மறுபடி பெட்டிகளைப் பார்க்கப் போய்விட்டார். அப்போது நீங்கள் பாத்ரூம் போய்விட்டு வருகிறேன் என்று எழுந்தீர்கள். பில் வந்தபிறகு பாத்ரூம் போகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒன்று தப்பிக்கப் போவார்கள், அல்லது யாருக்கும் தெரியாமல் கட்டப் போவார்கள். உங்களை நான் இரண்டாவது வகையில் சேர்த்தேன். நீங்கள் நிஜமாகவே பாத்ரூம் போவீர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? நீங்கள் திரும்பி வரும் நேரம் நான் மேசையருகே நின்றுகொண்டிருந்தேன் என்பது உண்மை. அறைச் சாவியைக் கொடுத்துவிட்டு என் கண்ணாடியைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நான் பணம் கட்டிவிட்டதாக நீங்கள் நினைத்துக்கொண்டீர்கள். அந்தப் பெண்ணோ, மாப்பிள்ளையின் பெயரும் விலாசமும் பதிவில் இருக்கிறதே, அவர் வந்து தீர்த்துக்கொள்வார் என்று நம்மைக் கும்பிடாத குறையாக வழியனுப்பிவிட்டாள்.

பிறகு விமானத்தில் நீங்கள் சாளரத்தைப் பார்த்தபடி வர, நான் பாதையைப் பார்த்தபடி வந்தேன். நடுவில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரி, "பேசிக்கத்தான் கூடாதா" என்று கேட்டாள். நான்தான் இறங்கிவந்தேன்.

"இருந்தாலும் நீங்க அப்படிப் பண்ணியிருக்கக் கூடாது சம்பந்தி."

"பண்ணினது நீங்க. என்னைச் சொல்றீங்களே."

"உங்க பெரிய மனசு யாருக்கும் வராது."

"உங்க அடக்கம் எனக்கு வராது."

இப்படி ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டே, கட்டாத பில்லுக்காக இருவரும் நன்றி வாங்கிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தோம்.

இப்போது அந்த ஓட்டல்காரர்கள் பில்லை வசூல் கம்பெனியிடம் கொடுக்கப்போவதாக மாப்பிள்ளைக்கு எழுதிவிட்டார்கள். அந்த ஊரில் ஒருவர் பெயரில் பாக்கி நிற்கிறது என்றால் அது எல்லா வங்கிக்கும் தெரிந்துவிடுமாம். பிள்ளைகள் வீடு வாங்கக் கடன் கேட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமைக்குள் இது தீராவிட்டால் கடனும் இல்லை, வீடும் இல்லை. அது போதாதென்று, உங்க அப்பாவால்தான் என்று என் மகளும், உங்க அப்பாவால்தான் என்று உங்கள் மகனும் சொல்லிச் சொல்லி, இப்போது இருவரும் ஒரே வீட்டுக்குள் போனில் செய்தி அனுப்பித்தான் பேசிக்கொள்கிறார்களாம். மாப்பிள்ளை தானே கட்டிவிடுகிறேன் என்றார். மருமகன் காசில் மாமனார் படுத்துத் தூங்கினார் என்ற பேர் எனக்கு வேண்டாம் என்று நான் தடுத்தேன். மகன் காசில் தூங்கினாலும் சம்பந்தியையும் சேர்த்துத் தூங்கவைத்தார் என்ற பேர் வேண்டாமென்று நீங்களும் தடுத்ததாகக் கேள்வி.

நேற்று வங்கிக்குப் போனேன். ஜன்னலில் இருந்த அம்மா, "எதுக்காக சார் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பறீங்க?" என்று கேட்டார். "மரியாதைக்காக" என்றேன். "படிப்பு, வைத்தியம், பயணம், இதுல ஒண்ணு சொல்லுங்க. மரியாதைக்குக் கட்டம் இல்ல" என்றார். பயணம் என்று போட்டுக்கொண்டிருந்தபோது மகள் கூப்பிட்டாள். நான் தனியாகக் கட்டினால் அவர்களுடைய புது வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று நீங்கள் சொல்லிவிட்டீர்களாமே. பேனாவை மூடி, பாரத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

சம்பந்தி, கணக்குப் பார்க்கிறவன் இல்லை நான். பார்த்தால், அறைக் குளிர்பெட்டியில் ஓட்டல்காரர்கள் விலைபோட்டு வைத்திருந்த முந்திரிப் பொட்டலங்கள் உங்கள் அறையில்தான் காலியாயின. நீங்கள் தினமும் சட்டையைச் சலவைக்குப் போட்டபோது என் வீட்டுக்காரி குளியலறையில் துவைத்துக் காயப்போட்டாள். காசு கொடுத்துப் பார்க்கும் சினிமாச் சத்தம் சுவர் வழியாக எங்களுக்கும் கேட்டது என்பதால் அதைப் பொதுச்செலவில் சேர்க்கவும் தயார். இதையெல்லாம் நான் சொல்லவே போவதில்லை. உங்கள் அறை, என் அறை, பொட்டலம், சலவை, சினிமா அத்தனையும் நான் ஒருவனே கட்டுகிறேன். நீங்கள் எவ்வளவு தடுத்தாலும் சரி, எத்தனை வாசலை மிதிக்காவிட்டாலும் சரி, என் முடிவு மாறாது.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் இருவரின் அன்பையும் சொல்லுங்கள். பிள்ளைகள் மறுபடி வாயால் பேசிக்கொண்டு, சொந்த வீட்டில் குடியேறி, நம் இருவருக்கும் அதில் தனித்தனி அறை ஒதுக்கி, சீரும் சிறப்புமாக இருக்க வேண்டும்.

என்றும் உங்கள் சொல்லைத் தட்டாத,
சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டுகிற நேரத்தில் மகள் போன் செய்தாள். "அவர் அவ்வளவு ஆசைப்பட்டா அவரே கட்டட்டும்மா" என்று இன்று காலை நீங்கள் சொல்லிவிட்டீர்களாம். ஒரு மனிதன் கட்டுகிறேன் என்றால் உடனே சரி என்று சொல்லிவிடுவதா? பெண்ணைக் கொடுத்தவனுக்கு இவ்வளவுதானா மரியாதை? ஆகையால் மேலே எழுதிய எதையும் நான் எழுதவில்லை என்று வைத்துக்கொள்ளவும். நீங்கள் சம்மதித்திருக்கும்வரை ஒரு காசு கட்டமாட்டேன். வங்கிப் பாரத்தை நிரப்பிக் கையெழுத்தும் போட்டு வைத்திருக்கிறேன். இந்தக் கடிதம் கூரியரில் நாளைக்கே கிடைத்துவிடும். கிடைத்ததும் கடைக்கு ஒரு போன் போட்டு, "கூடவே கூடாது, நான்தான் கட்டுவேன்" என்று ஒரு தடவை சொல்லுங்கள். கோபமாகச் சொன்னால் இன்னும் நல்லது. நான் உங்கள் பேச்சை மீறி அன்றைக்கே கட்டிவிடுகிறேன்.