கறுப்பு பானட்டும் பச்சை பீரோவும்

சின்னமனூர்,
ஆயுத பூஜை கழிந்த மறுவாரம்.

மஸ்கட்டில் ஊரான் கார்களுக்கெல்லாம் மெருகேற்றிப் பேரும் புகழுமாக விளங்கும் அன்பு மாப்பிள்ளை விஜய்ராஜ் அவர்களுக்கு, உங்கள் அக்காள் புருஷன் தங்கபாண்டி எழுதிக்கொண்டது. இங்கு நான், உங்கள் அக்காள் ஜோதிலட்சுமி, வாழைக்காய் மண்டி எல்லாம் சுகம். அங்கு உங்கள் சுகத்துக்கு வீரபாண்டி கௌமாரியம்மன் துணையிருப்பாள். எங்களிடம் விட்டுப்போன உங்கள் காரும் சுகம். அதைப் பற்றி நீங்கள் கவலைப்பட ஒன்றுமே இல்லை. இந்தக் கடிதத்துக்கும் அந்தக் காருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

கையில் போன் இருக்க இந்த மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். வாட்ஸ்அப்பில் எழுதினால் உங்கள் அக்காள் வாசித்துவிடுவாள். போனில் பேசினால் ரெண்டாவது வார்த்தையிலேயே நான் உளறிவிடுவேன். கெங்குவார்பட்டிக்காரர் ஒருவர் வெள்ளிக்கிழமை மஸ்கட்டுக்கு விமானம் ஏறுகிறார். நார்த்தங்காய் ஊறுகாயோடு இதையும் அவரிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

விஷயம் என்னவென்றால், எனக்கு அழகர் என்று ஒரு நண்பர். உங்களுக்குத் தெரியாது. எனக்கே இப்போதுதான் பழக்கம். அவரும் வாழைக்காய் வியாபாரி. அவர் வீட்டில் ஒரு கறுப்புக் கார் நிற்கிறது. அது அவருடைய மச்சினனின் கார். அந்த மச்சினன் ஏதோ வெளிநாட்டில் இருக்கிறாராம், எந்த நாடு என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. தீபாவளிக்கு வந்து காரைப் போடி ஏலக்காய் எஸ்டேட்காரர் சசிதரனுக்கு விற்று, அந்தப் பணத்தில் தேனியில் கடை பிடித்து, கார் பாலிஷ் போடும் தொழில் தொடங்கி, இனி கடல் தாண்டுவதில்லை என்று இருக்கிறாராம். உங்களைப் போலவே. உங்கள் காரைக் கேட்டிருக்கிற சசிதரனும் இவரும் ஒரே ஆளா என்று நான் விசாரிக்கவில்லை. கார் விலை போகாவிட்டால் கடை இல்லை. கடை இல்லாவிட்டால் அந்தப் பிள்ளை மறுபடியும் பெட்டி கட்ட வேண்டியதுதான். அதை நினைத்து அழகருக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை. எனக்கும்தான், நண்பர் என்ற முறையில்.

நடந்தது இதுதான். ஆயுத பூஜைக்கு மற்ற ஊர்க்காரன் வண்டியில் சின்ன வாழைக்கன்றைக் கட்டுவான். கம்பம் பள்ளத்தாக்கில் வாழைக்காய் மண்டி வைத்திருக்கிறவன் கன்றைக் கட்டினால் நாலு பேர் என்ன சொல்லுவாக? அதனால் அழகர் தாரோடு ரெண்டு முழு மரத்தை வெட்டி, காரின் முன்பக்கம் இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாகக் கட்டி, ஓட்டுகிறவனுக்கு ரோடு தெரிகிற அளவுக்கு மட்டும் இலையைக் கழித்து, வீரபாண்டி வரைக்கும் போய் அம்மனுக்குக் காட்டிவிட்டு வந்தார். வழியெல்லாம் ஜனம் நின்று பார்த்தது. மட்டையிலிருந்து வாழைப்பால் சொட்டுச் சொட்டாக என்ஜின் மூடியான பானட்டில் இறங்கியதை மட்டும் ஒருத்தரும் பார்க்கவில்லை. மறுநாள் மரத்தை அவிழ்த்தால் பானட் முழுக்கக் காவிக் கறை. வேட்டியில் பட்ட வாழைக்கறை வேட்டி கிழிகிற வரைக்கும் போகாது என்பது பிறந்ததிலிருந்து வாழையோடு புழங்குகிற மனுஷனுக்கு அப்போதா ஞாபகம் வர வேண்டும்? அவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, அவர் சம்சாரம், ‘தள்ளுங்க அங்கிட்டு. எம்புட்டுக் கறையப் பாத்திருக்கேன், இதென்ன பெரிய இது’ என்று சொல்லி, புளியும் பாத்திரப் பொடியும் தேங்காய் நாருமாக இறங்கிவிட்டாள். இறங்கிவிட்டார்கள். கறை போய்விட்டது, அந்த விஷயத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் வெயில் ஏறியதும் பார்த்தால் பானட் முழுக்க வட்டம் வட்டமாகக் கீறல். ‘இப்பத்தான் பளிச்சுனு இருக்கு’ என்று உங்கள் அக்காள் சொன்னாள். அவளும் அன்றைக்கு அங்கனதான் போயிருந்தாள், சும்மா பார்க்க.

அன்றிலிருந்து அழகர் போனும் கையுமாகக் கீறல் எடுக்கும் பாலிஷ் மிஷின் வீடியோ பார்க்கிறார். ஒருத்தர், ஒரே இடத்தில் விசையாகச் சுற்றுகிற மிஷின்தான் மிஷின் என்கிறார். இன்னொருத்தர், அதைத் தொழில் தெரியாதவன் தொட்டால் பெயின்ட் வெந்துபோகும், சுற்றிக்கொண்டே ஆடுகிற மிஷினை வாங்கு, அது தப்பைப் பொறுத்துக்கொள்ளும் என்கிறார். மிஷின் முனையில் மாட்டித் தேய்க்கிற பேடு சங்கதி இதைவிட மோசம். ரோமப் பேடு கீறலை வேகமாக எடுக்குமாம், ஸ்பாஞ்சில் முரட்டுப் பேடு கொஞ்சம் நிதானமாக எடுக்குமாம், மெத்துப் பேடு கடைசியில் மினுக்குமாம். சரி, நிறத்தைப் பார்த்து வாங்கிவிடலாம் என்றால் ஒரு கம்பெனிக்காரன் மஞ்சளை முரடு என்கிறான், இன்னொருத்தன் அதே மஞ்சளை மெத்து என்கிறான்.

மண்டை காய்ந்துபோய் தேனி பஜாரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் பலவேசத்திடம் போனோம். போனார். பலவேசம் எந்தச் சாமானையும் இல்லை என்று சொல்லிப் பழகாத ஆள்.

‘எல்லாத்துக்கும் ஒரே மிஷின்தாண்ணே. கிரானைட்டு, கதவு, காரு அம்புட்டும் இதுலதான் போடுறாக. ரோமப் பேட மாட்டி ஒரு அமுக்கு அமுக்குங்க, மூஞ்சி தெரியும்.’

‘பெயின்ட் வெந்துறாதாப்பா?’

‘வெந்தா, நீங்க அமுக்குனது சரியில்லைன்னு அர்த்தம். கொண்டுபோய் வச்சுப் பாருங்க, புடிச்சா வாங்குங்க.’

எல்லா வீடியோவும் ஒத்துப்போகிற ஒரே விஷயம், முதலில் மறைவான சின்ன இடத்தில் சோதித்துப் பார் என்பது. சோதனைதானே, அதைக் காரில் ஏன் செய்ய வேண்டும், வீட்டில் பெயின்ட் அடித்த தகரமா இல்லை என்று அழகருக்கு ஒரு புத்தி தோன்றியது. சம்சாரம் மகளிர் குழுக் கூட்டத்துக்குப் போன நேரம் பார்த்து, கல்யாணத்துக்கு உங்கள் அப்பா வாங்கித் தந்த பச்சை பீரோவில், அதாவது அழகரின் மாமனார் வாங்கித் தந்த பீரோவில், பக்கவாட்டில் மிஷினை வைத்து ஒரு அமுக்கு அமுக்கினார். பலவேசம் பொய் சொல்லவில்லை. பச்சை போய், அடிப்பூச்சும் போய், வெள்ளைத் தகரத்தில் மூஞ்சி தெரிந்தது. பீரோ இப்போது அந்தப் பக்கத்தைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ‘பீரோவ எதுக்கு நகட்டுனீக?’ என்று சம்சாரம் கேட்டதற்கு வாஸ்து என்று சொல்லியிருக்கிறார். இது மட்டும் எக்காரணம் கொண்டும் உங்கள் அக்காள் காதுக்குப் போகக் கூடாது. அழகரின் மானப் பிரச்சினை.

மிஷினைப் பலவேசத்திடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, உத்தமபாளையம் ரோட்டில் வாட்டர் சர்வீஸ் வைத்திருக்கும் அய்யாத்துரையைக் கெஞ்சி, ஆடுகிற மிஷினையும் ஒரே ஒரு ஸ்பாஞ்சுப் பேடையும் இரவல் வாங்கி வந்தார். பானட்டில் ஒரு சின்னச் சதுரத்துக்கு நாலு பக்கமும் டேப் ஒட்டி, பாலிஷ் மருந்தைச் சொட்டு விட்டு, மெதுவாக, மாவு ஆட்டுகிற நிதானத்தில் ஓட்டினார். டேப்பை உரித்துப் பார்த்தால் மாப்பிள்ளை, அந்தச் சதுரத்துக்குள் ஒரு கீறல் கிடையாது. மேகம் தெரிந்தது, மின்கம்பி தெரிந்தது. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. பிறகுதான் உறைத்தது. சதுரம் மினுங்க மினுங்க, சுற்றிலும் இருக்கிற கீறல் முன்னைவிட நன்றாகத் தெரிகிறது. போகிற வருகிறவர்களெல்லாம், ‘என்னண்ணே, பானட்டுல ஜன்னல் வச்சிருக்கீக?’ என்று கேட்கிறார்கள். மிச்சத்தையும் முடித்துவிடலாம் என்று பேடைக் கழுவிக் கொடியில் காயப்போட்டால், அழகர் வீட்டம்மா அதை எடுத்துத் தோசைக்கல்லுக்கு எண்ணெய் தடவிவிட்டார்கள். ‘நல்லா எண்ணெ குடிக்குது, இன்னும் ரெண்டு வாங்கியாங்க’ என்று சிபாரிசு வேறு. அய்யாத்துரை பேடை மோந்து பார்த்தார், மிஷினை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஆகவே மாப்பிள்ளை, தொழில் தெரிந்த நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஆடுகிற மிஷின்தான் என்று மனசு ஒப்பிவிட்டது. பானட்டுக்கு அஞ்சு இஞ்சு பேடா, ஆறு இஞ்சா? கதவுப் பிடி ஓரத்துக்கு மூணு இஞ்சு தனியாக வேண்டுமா? முரட்டுப் பேடில் தொடங்குவதா, மெத்தில் தொடங்கி, போகாவிட்டால் முரட்டுக்குப் போவதா? ஒரு காருக்கு எத்தனை பேடு தேவைப்படும்? தோசைக்கல்லுக்கு ஒன்று சேர்த்தே சொல்லுங்கள். நீங்கள் பார்த்துச் சொல்ல வசதியாக பானட்டை போட்டோ பிடித்து உள்ளே வைத்திருக்கிறேன்.

சாவியைக் கொடுக்கும்போது அந்த மச்சினன், ‘நீங்க இருக்கீகன்னுதான் மாமா நிம்மதியாப் போறேன்’ என்று சொல்லிவிட்டுப் போனாராம். திட்டினால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். பானட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, சரி மாமா என்று மறுபடியும் விமானம் ஏறிவிட்டால் அழகர் எங்கே போய் முட்டிக்கொள்வார்? அந்தப் பிள்ளை ஊரோடு வந்துவிட வேண்டும் மாப்பிள்ளை. பண்டிகைக்குப் பண்டிகை போனில் முகம் பார்த்துப் பார்த்து அவன் அக்காளுக்கு அலுத்துப்போய்விட்டது. எனக்கும்தான்.

கௌமாரியம்மன் உங்களுக்கு நீண்ட ஆயுளும் நிறைந்த செல்வமும் பெரிய பொறுமையும் தருவாளாக. முக்கியமாகப் பொறுமை.

உங்கள் நலத்தையும் உங்கள் கார் நலத்தையும் நாளும் வேண்டிக்கொள்ளும்,
தங்கபாண்டி

பின்குறிப்பு: மேலே எழுதியது அத்தனையும் ரத்து. கவரை ஒட்டக் கோந்து தேடி நான் உள்ளே போன நேரத்தில் உங்கள் அக்காள் போட்டோவைப் பார்த்துவிட்டாள். ‘அழகர் காருக்கும் என் தம்பி காருக்கும் ஒரே நம்பரா?’ என்று கேட்டாள். போட்டோவில் நம்பர் பிளேட் விழும் என்பதை நான் யோசிக்கவில்லை. அதைவிடப் பெரிய கூத்து, நார் போட்டுத் தேய்த்த அன்றைக்கே அவள் உங்களுக்கு வீடியோ கால் போட்டு பானட்டைக் காட்டியிருக்கிறாள். பிறகு சதுரத்தையும் காட்டியிருக்கிறாள். நீங்கள் சிரித்துவிட்டு, ‘மேலாக்கத்தான் கீறியிருக்கு, போயிரும். மிஷினும் பேடும் நானே கொண்டாறேன். அந்தச் சதுரத்த மட்டும் யாரும் தொடாதீக. மிச்சத்த சசிதரன் கண்ணு முன்னாடியே போட்டுக் காட்டுவேன், நம்ம கடைக்கு அதுதான் மொத போர்டு. மாமாகிட்டச் சொல்லிராதக்கா, அவுகளா எப்பச் சொல்றாகன்னு பாப்பம்’ என்றீர்களாமே. நல்லா இருங்க மாப்பிள்ளை. இதை நான் கடைசித் தாளில் எழுதிக்கொண்டிருக்க, முன் தாள்களை உங்கள் அக்காள் உட்கார்ந்து வாசித்து வாசித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். இப்போது சிரிப்பு நின்றுவிட்டது. பலவேசம் கடை வருகிற இடத்தைத் தாண்டி வாசித்துவிட்டாள் போலிருக்கிறது. எழுந்து உள்ளே போகிறாள். பீரோ நகருகிற சத்தம் கேட்கிறது. தீபாவளி வரைக்கும் காத்திருக்காமல் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் வந்துவிடுங்கள் மாப்பிள்ளை.