அறுபது வாட்ஸ் அம்மா

ஒரு காட்டில், கரன்ட் வந்த பிறகும் காடு என்றே சொல்லிக்கொண்டிருந்த ஒரு காட்டில், சிவப்பாயி என்றொரு கோழி இருந்தாள். முட்டையை உடைத்துக்கொண்டு வெளியே வந்ததும் அவள் முதலில் பார்த்தது ஓர் அறுபது வாட்ஸ் குண்டு பல்பை. அதையே அம்மா என்று கூப்பிட்டு வளர்ந்தாள். அம்மா பேசமாட்டாள், பக்கத்தில் போனால் சுடுவாள். பெற்றவள் என்றால் அப்படித்தான் என்று சிவப்பாயி நினைத்துக்கொண்டாள்.

இந்த வருஷம் அவளே பன்னிரண்டு முட்டை இட்டாள். காட்டு வழக்கப்படி பல்புக்கடியில் வைக்கோல் பரப்பி அடுக்கினாள். முட்டைமேல் உட்காருவது என்று ஒன்று உண்டென்று அந்தக் காட்டில் எந்தக் கோழிக்கும் தெரியாது.

மறுநாள் விளக்கு இலாகா ஆந்தையார், கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு, ஏணியோடு வந்தார்.

"காடு முழுக்க எல்இடி மாத்தறோம். உங்க பல்பு அறுபது வாட்ஸ் தின்னும். இது ஒன்பது வாட்ஸ்லயே அந்த வெளிச்சம் தரும். அது ஆயிரம் மணி நேரத்துல மண்டையைப் போட்டுடும். இது உங்க பேரன் காலத்துலயும் எரியும்."

"சுடுமா சார்?"

"ம்ஹூம். பழைய பல்புல நூத்துக்குத் தொண்ணூறு பங்கு சூடாப் போய் வீணாகுதும்மா."

"அந்த வீணுதான் சார் என் பிள்ளைங்க."

ஆந்தையார் படிவத்தைப் புரட்டினார். வெளிச்சம், அலங்காரம், திருவிழா என்று மூன்று கட்டங்கள் இருந்தன. பிள்ளைகளுக்குக் கட்டம் இல்லை. "ஆபீஸ்ல மனு குடுங்க" என்று சொல்லிவிட்டு, அம்மாவை ஊதி ஊதிக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

புதிய விளக்கு வெள்ளைவெளேரென்று எரிந்தது. பறந்து போய்த் தொட்டுப் பார்த்தாள். நிலாவைத் தொட்டதுபோல் இருந்தது.

மனுவோடு முட்டைகளின் ஒரிஜினல் வேண்டுமாம், ஜெராக்ஸ் செல்லாதாம். கூடையில் சுமந்து போனாள். டோக்கன் நானூற்று ஏழு. சுவரில் ஒரு பலகை சிவப்பு எண்ணாக எரிந்து, பெண்குரலில் கூப்பிட்டது: "டோக்கன் எண் பதினொன்று, கவுண்டர் இரண்டு." கவுண்டரில் ஆமையார் இருந்தார்.

பின்னால் நின்ற வெள்ளாட்டக்கா அதட்டினாள். "நடுவழியில கூடைய வச்சிருக்கியே, மிதிபடாதா? மேல ஏறி உக்காருடி."

"உக்காந்தா உடையாதா அக்கா?"

"எனக்கென்ன தெரியும்? நான் குட்டி போடுறவ."

பயந்து பயந்து உட்கார்ந்தாள். உடையவில்லை. எழுந்தால் இடம் போய்விடும் என்று அப்படியே இருந்தாள். இருபத்தொரு நாள் இருந்தாள்.

இருபத்தொன்றாம் நாள் வயிற்றுக்கடியில் டொக்கென்றது. பிறகு டொக் டொக்கென்றது. பன்னிரண்டு குஞ்சுகள் எட்டிப் பார்த்தன. அந்த நேரம் பார்த்துப் பலகை சிவந்தது: "டோக்கன் எண் நானூற்று ஏழு, கவுண்டர் இரண்டு."

ஓட்டுக்குள் இருந்தபடியே கேட்டுப் பழகிய குரல். "அம்மா!" என்று பன்னிரண்டும் சுவரைப் பார்த்து ஓடின.

ஆமையார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "முட்டை எங்கம்மா?"

"அதோ நிக்குது சார்."

"அது குஞ்சு. மனு முட்டைக்குல்ல?" என்று மனுவைத் தள்ளுபடி செய்தார். கோப்பில், 'எல்இடி பொருத்தியபின் பன்னிரண்டு முட்டைகளும் நல்லபடி பொரிந்தன' என்று எழுதி முத்திரை குத்தினார். மணி ஐந்து. பலகையை அணைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார். வாசலை அடைவதற்கே அவருக்கு நேரமாகும்.

தாயை இழந்த பன்னிரண்டும் சில்லிட்ட தரையில் கதறின. சிவப்பாயி கொக்கொக்கென்று கூப்பிட்டாள். ஒன்றுகூடத் திரும்பவில்லை. தாலாட்டும் தெரியாது, அவளுடைய அம்மாதான் பேசியதே இல்லையே. ஆனால் இருபத்தொரு நாள் ஒரு குரலைக் கேட்டிருந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"டோக்கன் எண் ஒன்று."

ஒரு குஞ்சு திரும்பியது.

"கவுண்டர் இரண்டு" என்று இடது இறக்கையைத் தூக்கினாள். அது ஓடி வந்து நுழைந்தது. "டோக்கன் எண் இரண்டு" என்றாள். அடுத்தது வந்தது. தள்ளுமுள்ளு இல்லை. பன்னிரண்டாவது நுழைந்ததும் உள்ளேயிருந்து ஒரு சின்னக் குரல் கேட்டது: "அம்மா, சுடுது."

"அப்படித்தான்" என்றாள் சிவப்பாயி.

நீதி: பெற்றால் மட்டும் தாயாகிவிட முடியாது, டோக்கன் எண்ணை வரிசை தவறாமல் கூப்பிடவும் தெரிய வேண்டும்.