ஆல்வின் ஷ்ராம் புகையடுப்பை அடைத்த படலம்

டெக்சாஸ் மண்ணின் ஓக் மர விறகுத் தழலே, வாழி! பதினொரு கோடையாய்ப் படிந்து பாறையான மாட்டுக்கொழுப்பே, நீயும் வாழி! உங்கள் இருவருக்கும் இடையே தும்மலையும் தொந்தியையும் ஒருங்கே தாங்கி, கம்பித்தூரிகை கைக்கொண்டு களம் புகுந்த கருந்தாடிக் கோமான், சாம்பல் அளைந்த செம்மல், குழாய் பழுதுபார்க்கும் குலதிலகம் ஆல்வின் ஷ்ராமின் சீர்த்தியைப் பாடத் துணிந்தேன். பிழை வந்தால் நீங்களே பொறுப்பு.

போரின் காரணம் சொல்வேன். தேவாலயத்தின் ஆண்டு விருந்துக்கு மாட்டு நெஞ்சுக்கறியைப் புகைபோட்டுத் தரும் உரிமை பதினோராண்டாக அவனுடையது. சென்ற ஆண்டோ அடுப்பின் கதவிடுக்கில் புகை கசிந்து, சூடு நில்லாமல், கறி செருப்புத்தோலாயிற்று; போதகரின் பொய்ப்பல் அதிலேயே தங்கிவிட்டது. இம்முறையும் தவறினால் உரிமை மனைவி டார்லீனின் அண்ணன் ராய்ஸுக்குப் போகும். அந்த ராய்ஸ், சீக்கிரம் வேகட்டுமென்று பாதி வேக்காட்டிலேயே கறியைக் காகிதத்தில் சுற்றி மறுபடி அடுப்பில் வைக்கும் அவசரக்காரன். ஆல்வினைக் கேட்டால் அது களவினும் கீழான செயல்.

எனவே வெள்ளிக்கிழமை காலையில் வெகுண்டெழுந்தான் வீரன். சுரண்டினான், தேய்த்தான், சீறினான். கருங்கொழுப்புப் படை கட்டிகட்டியாய்ப் பெயர்ந்து, தாடியில் தஞ்சம் புகுந்தது. சோப்பை மட்டும் அவன் தொடவில்லை, சோப்புப் பட்ட அடுப்பில் கறி ருசிக்காது என்பது அவ்வூர் வேதம். பின்பு கதவின் விளிம்பைத் துடைத்து, சூடு தாங்கும் செந்நிறப் பசையை, கோட்டைக்கு மதில் வளைப்பவன்போல் நாற்புறமும் பிதுக்கி நிறுத்தினான்.

அப்போது சமையலறைச் சன்னலில் டார்லீன் தோன்றினாள். “நடுவுல ஒரு காகிதம் வச்சு மூடு ஆல்வின். இல்லன்னா கதவு ஒட்டிக்கும்.”

நிமிர்ந்தான் நெடுந்தாடியான். “என் அடுப்புக்குள்ள காகிதம் நுழையாது டார்லீன். அதெல்லாம் உங்கண்ணன் வீட்டோட நிக்கட்டும்.”

என்று சூளுரைத்துக் கதவை அறைந்து தாழிட்டான். காய்வதற்கு ஒரு பகலும் ஓர் இரவும் பொறுத்தான்.

சனிக்கிழமை மாலை. உப்பும் மிளகும் பூசிய பதினாறு பவுண்டுக் கறி, மாப்பிள்ளை வராத மணப்பெண்போல் மேசையில் காத்திருந்தது. கதவு திறக்கவில்லை. கடப்பாரை வளைந்தது, முழங்கால் வீங்கியது, தேவாலயத்தில் சொல்லத்தக்க சொற்கள் தீர்ந்து, தகாதனவும் தீர்ந்தன, கடைசியில் கைப்பிடி மட்டும் கழன்று அவன் கையோடு வந்தது. எறும்பு மூச்சுவிடக்கூட இடுக்கில்லாத அப்பேரடைப்பின்முன், வென்ற பசையின் காலடியில் வீழ்ந்து உட்கார்ந்தான் வீரன். பாவம், அழுகையே வந்துவிட்டது அவனுக்கு.

டார்லீன் அழைத்து வந்த ராய்ஸ் அடுப்பைச் சுற்றிவந்து ஆராய்ந்தான்.

“கசிவு நின்னுடுச்சு மாப்ளே,” என்றான். பிறகு, “கறிய என் வண்டியில ஏத்து. ஆனா காகிதத்துல சுத்துவேன், இப்பவே சொல்லிட்டேன்.”

பதினோராண்டுப் பெருமிதமும் பதினாறு பவுண்டுக் கறியும் தோளில் கனக்க, ஆல்வின் தானே சுமந்து வண்டியில் ஏற்றினான். மறுநாள் நண்பகல் விருந்தில், போதகர் புதுப்பல் பளபளக்கப் பகைவனின் பெயரை வாழ்த்த, சபையோர் கரவொலி கூரையை முட்ட, கொழுப்பூறிய காகிதத்தைப் பிரித்துப் பகைவன் தன் கையாலேயே பரிமாற, குலப்பெருமை குன்றி, தாடி தாழ்ந்து, தட்டின்முன் அமர்ந்தான் தோற்ற தலைவன்.

கறி மெத்தென்று இருந்தது, ஆல்வின் இன்னொரு துண்டு கேட்டான்.