உதறல்

ஊரார் பல்லையெல்லாம் ஆட்டிப் பார்த்துப் பிடுங்குகிற பல் டாக்டருக்கு ஒரே ஒரு குளம் மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. கோல்ஃப் மைதானத்துக் குளம். அவர் அடித்த பந்தெல்லாம் அதற்குள்தான் விழுந்தது. கூட ஆடிய மச்சினன், மனைவியின் தம்பி, அடித்ததோ அக்கரைக்கே போய் உட்கார்ந்துகொண்டது. அந்த வயிற்றெரிச்சலில் டாக்டர் வாயை விட்டுவிட்டார்.

"அடுத்த ஞாயிறும் என் பந்து தாண்டலேன்னா, என் மட்டையெல்லாம் உனக்கே!"

சொன்ன பிறகுதான் உறைத்தது. மட்டைகள் என்றால் அவருக்கு உயிர். ஹாலில் நின்று ஒரு வீசு வீசினார். மேசை விளக்குதான் தூரமாகப் போனது.

சத்தம் கேட்டு மனைவி ஈரப் படுக்கைவிரிப்போடு ஓடிவந்தாள்.

"என்னங்க இது?"

"பயிற்சி. நான் மணிக்கட்டாலயே அடிக்கிறேன்னு கோச் திட்டறாரு. பல்லு புடுங்கிற பழக்கம்! முதல்ல இடுப்பு திரும்பணுமாம், அப்புறம் தோள், கடைசியாத்தான் கை. எங்கே! குளத்தைப் பாத்தாலே உதறல் எடுக்குது."

"உதறல் போகணும்னா உதறணும்."

பால்கனிக்குப் போய் விரிப்பைப் பிடித்தாள். இடுப்பு திரும்பியது. தோள் திரும்பியது. கடைசியில் கை. படார்!

அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்லியே பிழைக்கிறவர், தாமே வாயைப் பிளந்தார்.

"இங்க கொடு!"

"வேணாங்க. இடுப்பு பிடிச்சுக்கும்."

"கொடுன்னா கொடு!"

"ரொம்பக் கெஞ்சறீங்க. சரி, இந்தாங்க."

அந்த வாரம் வீட்டுத் துணி அத்தனையும் அவர் கையால் உதறப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை பந்து குளத்தைத் தாண்டியது. மச்சினனின் பந்தையும் தாண்டியது.

"எப்படி மாமா?"

"தொழில் ரகசியம்டா."

தலைகால் புரியாமல் வீடு திரும்பினார்.

"உதறல் போயே போச்சு! இனிமே ஒரு கைக்குட்டைகூட உதற மாட்டேன்!"

"நல்லதுங்க. தம்பி போன் பண்ணினான். ரகசியம் என்னன்னு கேக்கறான். நீங்கதான் விட்டுட்டீங்களே, அவனையாவது உதறச் சொல்லட்டுமா?"

"ஐயையோ, சொல்லித் தொலைச்சிடாதே!"

"அப்போ நீங்களே உதறுங்க."

வாளி நிறைய ஜன்னல் திரைகள் ஊறிக்கொண்டிருந்தன.

டாக்டர் சட்டைக் கையை மடித்துக்கொண்டார். படார், படார்! மனசு நிறைந்துதான் இருந்தது. மட்டையும் பத்திரம், ரகசியமும் பத்திரம். உள்ளே மனைவி போனில் பேசுவது காதில் விழுந்தது.

"ஆமாண்டா தம்பி, நீ சொல்லிக்கொடுத்த மாதிரியேதான் சொன்னேன். இப்பக்கூட உதறிக்கிட்டிருக்காரு. உங்க வீட்டுப் போர்வையையும் கொண்டுவந்து போட்டுடு."