மாப்பிள்ளைக்கு வந்த மசக்கை

காந்தல், ஊட்டி.

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை சரத் அவர்களுக்கு, மாமனார் சின்னராஜ் குளிரில் விரல்களை ஊதி ஊதி எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தை வேலாமணியும் சௌக்கியம். அங்கு நீங்களும், உங்கள் அம்மாவும், எங்கள் தாரிணியும், அவள் வயிற்றுக்குள் உதைத்துக்கொண்டிருக்கும் வாரிசும் சௌக்கியமாக இருக்க மாரியம்மனை வேண்டுகிறேன்.

நிற்க. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் பெட்ரோல் நாறுகிறது, அதனால் தலைப்பிரசவத்துக்குத் தாரிணியை அனுப்புவதாக இல்லை என்று போனில் சொல்லிவிட்டீர்களாம். அன்றிலிருந்து உங்கள் அத்தை அழுத அழுகையில் அடுப்படியே ஈரமாகக் கிடக்கிறது. விட்டத்தில் தொட்டில் கூடக் கட்டிவிட்டாள், மாப்பிள்ளை. தலைப்பிள்ளை தாய்வீட்டில் பிறக்கவில்லை என்றால் ஊர் எங்கள் மூஞ்சியில் முழிக்குமா? கோபித்துக்கொள்ளாதீர்கள், கோளாறு எங்கள் கிணற்றில் இல்லை. உங்கள் மூக்கில்தான்.

மூக்கைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். டீ மேக்கராக இருந்தவன் நான். அரைத்த இலையை விரித்துப் போட்டால், பதம் வந்துவிட்டதா என்று நான் முகர்ந்து தலையாட்டிய பிறகுதான் அது டிரையருக்குப் போகும். இலை விலை அதலபாதாளத்துக்குப் போய் ஃபாக்டரியைப் பூட்டியதும், எங்கள் ஊட்டுக்கு மேலே மேட்டில் பெட்ரோல் பங்க் வைத்திருக்கும் சுப்பண்ணன் என்னை மேனேஜராகச் சேர்த்துக்கொண்டார். மேனேஜர் என்றதும் பெரிதாக நினைக்காதீர்கள், பெட்ரோல் அடிப்பதும் நான்தான், டயருக்குக் காற்றடிப்பதும் நான்தான். அப்புறம் பெட்ரோல் கம்பெனி இன்ஜினியர் ஒருவர் வந்தார். பூமிக்கடியில் இருக்கும் டேங்க் பழசு, கசிந்தால் பள்ளத்துக் கிணறெல்லாம் கெட்டுப்போகும் என்று டேங்கைச் சுற்றி நாலு துளை போட்டு, குழாய் இறக்கி, மூடி போட்டார். வாராவாரம் அதிலிருந்து தண்ணீர் எடுத்து முகர்ந்து பார்க்க வேண்டும், வாடை அடித்தால் கோயம்புத்தூர் லேபுக்கு அனுப்ப வேண்டும், கசிவு உறுதியானால் பங்க்கையே மூட வேண்டும். சுப்பண்ணன் உடனே, "லேபு எதுக்குங்க? நம்ம சின்னராஜ் மூக்கே லேபுதானுங்க" என்றார். பங்க்கில் போர் போட்டிருக்கிறார்கள் என்று காந்தலே குடத்தோடு வந்து வரிசையில் நின்றது. இது குடிக்கிற தண்ணீர் இல்லை, முகர்ந்து பார்க்கிற தண்ணீர் என்று விளக்குவதற்குள் என் தொண்டை வற்றிவிட்டது. அன்று முதல் நானும் முகர்கிறேன். ஒரு பொட்டு வாடை கிடையாது.

ஆனால் ஊர் வாயை மூட முடியுமா? தாரிணி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த கையோடு இரண்டு பேரும் வந்தீர்களே, அன்று காபியை வாயில் வைத்ததும் அவள் கொல்லைக்கு ஓடினாள். "மசக்கை!" என்று உங்கள் அத்தைக்கு ஆனந்தக் கண்ணீர். வாந்தி நிற்க எலுமிச்சைச் சாறு கொடுத்தாள், சுக்குக் கஷாயம் கொடுத்தாள், எல்லாம் அதே கிணற்றுத் தண்ணீர். கொடுக்கக் கொடுக்க வாந்தி, வாந்தியைப் பார்க்கப் பார்க்க எங்களுக்குச் சந்தோஷம். கடைசியில் நீங்களும் அவள் பக்கத்தில் போய்க் குனிந்தீர்கள். பக்கத்து ஊட்டு சில்வஸ்டர் வேலிக்கு மேலே தலையை நீட்டி, "மாப்பிள்ளைக்கும் மசக்கைங்களா? அப்ப ரெட்டைப் புள்ளைதானுங்க" என்றான். நான் மலைப்பாதை வளைவு ஒத்துக்கொள்ளவில்லை என்று சமாளித்தேன். போன வாரம் உங்கள் அத்தை அடுப்புத் தணலை அணைக்கத் தண்ணீர் தெளித்தாள். அணைய வேண்டிய தணல் எழுந்து நின்றது, அவளுக்கு முன்நெற்றி முடி போயிற்று. விறகில் பிசின் என்றேன். குடத்தில் வானவில் தெரியுதுங்க என்றாள். உன் தலை எண்ணெய் என்றேன். ஒரு மூக்கு வேலை செய்யும்போது இத்தனை வாய் எதற்கு?

ஆகவே மாப்பிள்ளை, நல்ல நாள் பார்த்துத் தாரிணியை அனுப்பி வையுங்கள். தண்ணீருக்கு என் மூக்கு கேரண்டி. உங்கள் அம்மாவுக்கு எங்கள் வணக்கத்தையும், தாரிணிக்கு எங்கள் ஆசியையும், எனக்கு உங்கள் மன்னிப்பையும் சேர்ப்பித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
மாமனார் சின்னராஜ்

பி.கு.: மேலே இருப்பது நேத்து எழுதினதுங்க. கிழிச்சுப் போடலாம்னா ஊட்டுல இந்த ஒரு இன்லண்ட் லெட்டர்தான் இருக்கு. ஒட்டறதுக்கு எச்சில் தொடும்போது உங்க அத்தை வந்து, "கண்ணை மூடுங்க" என்றாள். மூடினேன். மூக்குக்கிட்ட எதையோ நீட்டி, "இது என்னங்க?" என்றாள். ஒண்ணுமில்லையே என்றேன். "இதுங்க?" வெறுங்கையை நீட்டி ஏமாத்தாதே என்றேன். கண்ணைத் திறந்தா, ஒரு கையில மண்ணெண்ணெய்த் துணி. இன்னொரு கையில எங்க ஃபாக்டரியில கடைசியா ஓட்டின டீத்தூள், நான் டப்பாவுல பத்திரமா வச்சிருந்தது. எனக்கு அழுகை வந்திருச்சுங்க மாப்பிள்ளை. பெட்ரோல் அடிச்சு அடிச்சு என் மூக்கு எப்பவோ செத்துப்போச்சு, அதை வச்சுக்கிட்டு ஊருக்கே சர்டிபிகேட் குடுத்துட்டு இருந்திருக்கேன்.

சில்வஸ்டரை மேட்டுக்குக் கூட்டிப் போய்க் குழாய் மூடியைத் திறந்தேன். பீடியைத் தூர வீசிட்டு ஓடினவன் இன்னும் திரும்பலை. சுப்பண்ணன் மூடியையும் வாயையும் சேர்த்து மூடச் சொன்னார். நான் இன்ஜினியருக்குப் போன் போட்டேன். அவர் வந்து மோந்த உடனே பங்க்கைப் பூட்டியாச்சு, என்னையும் வேலையை விட்டு அனுப்பியாச்சு. தாரிணியை அனுப்பாதீங்க. உங்க அத்தை தொட்டிலை அவுத்து மூட்டை கட்டிட்டா, நாங்க ரெண்டு பேரும் அங்க வர்றோம். ஊர் என்ன வேணா சொல்லட்டும்.

ஒரே ஒரு ஒத்தாசை. தாரிணி பொறந்தப்ப அவ உச்சந்தலையில ஒரு வாசம் இருந்துது. எந்த டீயிலயும் நான் அதைப் பார்த்ததில்லை. இந்தக் குழந்தைக்கு அது இருக்கான்னு நீங்கதான் மோந்து பார்த்து எனக்குச் சொல்லணும். உங்க மூக்கு நல்ல மூக்குங்க, மாப்பிள்ளை.