மங்கல் படத்துக்கு ஒரு நல்ல பிரிண்டர்

இனிமேல் செத்தாலும் தெளிவான படம் எடுப்பதில்லை என்று ஸ்டூடியோக்காரர் ஒரு திங்கட்கிழமை காலையில் முடிவெடுத்தார். முப்பத்தொரு வருஷமாக அடையாள அட்டைக்கும் விண்ணப்பத்துக்கும் முகம் முகமாக எடுத்துத் தள்ளிய மனுஷன் அவர். மீசையில் ஒரு முடி மங்கினால்கூட ஆளைத் திரும்ப உட்கார வைத்துவிடுவார். அப்பேர்ப்பட்டவர் தையல் மிஷின் முன்னால் வந்து நின்று, மிதித்துக்கொண்டிருந்த மனைவியிடம் அறிவித்தார்.

"இனிமே நான் கலைப் படம்தான்."

"அப்படின்னா?"

"மரம் மரமா இருக்காது. தெரு தெருவா இருக்காது. வெறும் கோடும் நிறமும்தான். கேமராவை வேணும்னே அசைச்சு எடுக்கறது."

"வேணும்னே."

"வேணும்னேதான். உலகம் பூரா எடுக்கறாங்க."

மனைவி காலை மிஷினிலிருந்து எடுத்தாள். அவரை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தாள். "சரி" என்று மறுபடி மிதிக்க ஆரம்பித்தாள். இவ்வளவு சுலபமாக ஒரு பெண்டாட்டி சரி சொன்னால் வேறு யாராக இருந்தாலும் உஷாராகியிருப்பார்கள். இவர் சந்தோஷப்பட்டார்.

விஷயம் இதுதான். மனுஷனுக்கு வலது கை நடுங்கியது. ஸ்டூடியோவுக்குள் முக்காலி காப்பாற்றியது. கேமராவை அதில் மாட்டிவிட்டு, கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு, இன்னொரு கையால் பொத்தானை அமுக்கிவிடுவார். ஆனால் முந்தின நாள் மச்சினியின் மகளுக்குப் பிறந்தநாள். விளக்கை அணைத்து, மெழுகுவத்தி வெளிச்சத்தில் கையில் பிடித்துப் பதினாலு படம் எடுத்தார். பதினாலிலும் குழந்தைக்கு மூன்று மூக்கு. கேமராவிலிருந்து போனில் ஏற்றியதை மச்சினி பார்த்து, "என்ன மாமா இது?" என்றதும், "கலைம்மா" என்று வாயில் வந்துவிட்டது. சொன்ன பொய்க்கு வீடு கட்டிக் கொடுக்க வேண்டியதாகிவிட்டது.

டாக்டரிடம் போனால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். அவருடைய அப்பாவும் அதே ஸ்டூடியோவில் படம் எடுத்தவர்தான். அவருக்கும் வலது கையில்தான் ஆரம்பித்தது. ஒருநாள் வந்த ஆட்கள் முன்னாலேயே, "போதும்பா, குடுங்க" என்று அவர் கையிலிருந்து கேமராவை வாங்கியது இந்த மகன்தான். அதற்கப்புறம் அப்பா நாலு வருஷம் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சோற்றை யாராவது ஊட்ட வேண்டியிருந்தது. வயசானால் அப்படித்தான் என்று யாரிடமும் காட்டாமலே விட்டார்கள். அந்த நாற்காலி இன்னும் வீட்டில்தான் இருக்கிறது, அதில் இவர் உட்காருவதில்லை.

ஆக, கலை பிழைத்தது. சவரம் செய்ய முடியவில்லை, தாடி வளர்ந்தது. கலைஞனுக்குத் தாடி அழகுதானே. சட்டைப் பொத்தான் படுத்தியது, பனியன் போட்டுக்கொண்டார். கலைஞனுக்கு என்ன பொத்தான் வேண்டிக்கிடக்கிறது. டீயை அரை டம்ளர்தான் வாங்கினார். அதையும் இரண்டு கையால் பிடித்துக்கொண்டு, "சூடு உள்ளங்கைக்கு இதமா இருக்கு" என்றார். அது வெயில் காலம். மனைவி ஒரே ஒரு தடவை, "கையை ஒரு எட்டு யார்கிட்டயாவது காட்டிட்டு வருவோமா?" என்று கேட்டாள். அன்றைக்கு அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனார். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அதற்குப் பதிலாக வேறொன்று கேட்டாள்.

"போன்லயே காட்டிட்டிருந்தா யாருங்க கலைன்னு ஒத்துக்குவா? பெருசா அச்சடிச்சு வைங்க. ஒரு பிரிண்டர் வாங்கலாம்."

இது அவருக்கே தோன்றாமல் போயிற்றே என்றிருந்தது. இரண்டு பேரும் கடைக்குப் போனார்கள். விற்கிற பிள்ளை இரண்டு மிஷினைக் காட்டினான். ஒன்று நாலு நிற மை; கொஞ்சம் சொரசொரப்பான தாளில் அடித்தால் எல்லாம் பஞ்சு மாதிரி குழைந்து வந்தது. ஸ்டூடியோக்காரருக்கு உடனே பிடித்துப்போயிற்று. இன்னொன்று பத்து நிற மை, பெரிய தாள், மேசை பாதியை அடைக்கிற உடம்பு. அதில் ஒரு இலையை அடித்துக் காட்டினான். இலையின் நரம்பை எண்ணலாம் போலிருந்தது.

"சின்னதே போதும் தம்பி" என்றார் அவர்.

"இருங்க" என்றாள் மனைவி. "தம்பி, பெருசுல ஒரு நூலிழை அளவு வளைவு இருந்தாலும் தெரியுமா?"

"தெளிவா தெரியும்க்கா."

"வருஷக் கணக்கா மங்காம இருக்குமா?"

"நாம போனாலும் அது மங்காது."

"ஏம்மா, எம்படமே மங்கல். அதுக்கு எதுக்கு இவ்வளவு தெளிவான பிரிண்டர்?"

"தெளிவான படத்தை எதுல வேணா அடிக்கலாம் சார்" என்று விற்கிற பிள்ளை நடுவில் புகுந்தான். "மங்கலைத்தான் நல்ல மிஷின்ல அடிக்கணும். சின்னதுல அடிச்சா நிறம் பட்டை பட்டையா நிக்கும். ஆனா ஒண்ணு, இதைச் சும்மா போட்டு வைக்கக் கூடாது. வாரம் ஒண்ணாவது அடிக்கணும். இல்லைன்னா மை காய்ஞ்சு அடைச்சுக்கும்."

"கேட்டீங்களா?" என்றாள் மனைவி. "இவரு வாரம் ஒண்ணு எடுப்பாரு தம்பி. பெருசையே கட்டுங்க."

கலைஞன் என்று ஊருக்குச் சொல்லிவிட்டுக் கடையில் நின்று மட்டமான மிஷினுக்கு எப்படி வாதாடுவது? கட்டிக்கொடுத்ததை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

படம் ஒவ்வொன்றாக வந்தது. உண்மையிலேயே சில அழகாகத்தான் இருந்தன. பாலத்து விளக்குகள் ஆரஞ்சுக் கோடாக ஓடின. மழையில் நனைந்த பஸ் நிறுத்தம் பச்சையும் சாம்பலுமாகக் கரைந்தது. மனைவி ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, தையலைச் சரிபார்க்கிற மாதிரி பார்ப்பாள்.

"கோடு நேரா ஓடலையே. ஓரமெல்லாம் பல் பல்லா இருக்கு."

"அதுதான் நம்ம பாணி."

"ஓகோ. சரி, பின்னால பேரு, தேதி, கையெழுத்து போடுங்க. உங்க கையாலயே போடணும். அப்பத்தான் மதிப்புங்கறாங்க."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. முதல் படத்தின் பின்னால் 'காற்றின் எலும்பு' என்று தாள் அகலத்துக்கு எழுதினார். அடுத்தது 'தெருவின் மூச்சு'. எழுதி முடித்ததும் மனைவி வாங்கி, இடையில் மெல்லிய தாள் வைத்து அட்டைப் பெட்டியில் அடுக்குவாள். இப்படி ஐந்து மாசத்துக்கு மேல் போயிற்று. ஒரு மத்தியானம் அவள் வந்து சொன்னாள்.

"ஒரு பெரியவர் உங்க படத்தைப் பாக்கணும்ங்கறாரு. அசையற படம்னா அவருக்கு உசுரு. இருபத்தாறு வருஷமா இதே வேலையாம்."

"யாரு சொன்னா?"

"என்கிட்ட ரவிக்கை தைக்கறவங்கதான். முதல்லேர்ந்து வரிசையா எல்லாத்தையும் கொண்டாரச் சொன்னாராம். நேரமும் குடுத்துட்டாரு."

அன்றைக்கு அவர் தாடியை வாரிக்கொண்டார். கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். பெட்டியை மனைவி தூக்கினாள். அது ஏகப்பட்ட அலுவலகங்கள் இருந்த கட்டடம். மூன்றாவது மாடிக் கதவுக்குப் பக்கத்தில் பலகை இருந்தது, அதை மறைத்துக்கொண்டு மனைவி நின்றாள். "செருப்பை அங்க விடுங்க" என்று அந்தப் பக்கம் கையைக் காட்டினாள். உள்ளே ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவருக்கு முழங்கால் மேல் இருந்த கை தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. ஸ்டூடியோக்காரர் அதைப் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்தார். எழுந்து போய்விடலாம் என்று பார்த்தால், "அடுத்தது நீங்கதான்" என்று கூப்பிட்டுவிட்டார்கள்.

பெரியவர் பெட்டியைத் திறந்தார். 'காற்றின் எலும்பு' வெளியே வந்தது. முன்பக்கத்தை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். பின்பக்கத்தைத்தான் அதிக நேரம் பார்த்தார். இருபத்துமூன்று படத்தையும் கவிழ்த்து மேசையில் வரிசையாகப் பரப்பினார். அப்போதுதான் ஸ்டூடியோக்காரரே தன் எழுத்தை மொத்தமாகப் பார்த்தார். முதல் தலைப்பு தாள் அகலத்துக்கு இருந்தது. போகப் போகச் சுருங்கி, கடைசித் தலைப்பு எறும்பு ஊர்ந்த தடமாக ஒரு மூலையில் கிடந்தது. அதில் என்ன எழுதினார் என்று அவருக்கே படிக்க முடியவில்லை.

"இவ்வளவு தெளிவா யாரும் எனக்குக் கொண்டுவந்து காட்டினதில்லை" என்றார் பெரியவர். "கை எந்த வாரம் எவ்வளவு ஆடிச்சு, எழுத்து எவ்வளவு சுருங்கிச்சுன்னு தேதியோட இருக்கு. எழுந்து நடங்க பார்ப்போம்."

"இது வேணும்னே அசைச்சு எடுத்தது சார்."

"சரி, வேணும்னே அசைக்காம அந்தக் கடிகாரத்தை ஒண்ணு எடுங்க."

கேமராவைத் தூக்கினார். கழுத்துவாரின் கொக்கி டிக்டிக்கென்று கேமராவில் தட்டிக்கொண்டேயிருந்தது. பொத்தானை அமுக்காமலே கீழே இறக்கினார். பிறகு நடக்கச் சொன்னார்கள், நடந்தார். விரலைத் தட்டச் சொன்னார்கள், தட்டினார். பெரியவர் மாத்திரை எழுதிக்கொடுத்தார். இந்த நடுக்கம் முழுசாக விட்டுப் போகாது, ஆனால் கட்டுக்குள் வைக்கலாம், முன்னாலேயே வந்திருந்தால் இன்னும் நல்லது என்றார். அப்பாவின் நாற்காலிதான் அவருக்கு ஞாபகம் வந்தது. யாராவது ஒருத்தர் அப்பாவையும் ஏமாற்றிக் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டார்.

வெளியே தாழ்வாரத்தில் நின்றார்.

"உனக்கு எப்ப தெரியும்?"

"பிறந்தநாளுக்கு முன்னாடியே. உங்க டம்ளர் மேசையில ஆடற சத்தம் கேக்காதா எனக்கு?"

"ரசிகர்னு சொன்னியே."

"நான் எங்க சொன்னேன்? அசையற படம்னா உசுருன்னேன். பார்த்தீங்கல்ல, பின்பக்கத்தைக்கூட விடலை."

அவர் கழுத்திலிருந்து கேமராவைக் கழற்றினார். கழற்றுவதற்கே கொஞ்ச நேரம் ஆயிற்று. அப்பா அன்றைக்குக் கொடுத்த மாதிரியே இரண்டு கையாலும் நீட்டினார். "இந்தா. நீ கேக்கறதுக்கு முன்னாடி நானே குடுத்துடறேன்."

மனைவி வாங்கவில்லை. அட்டைப் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, வாரைப் பிடித்து அவர் கழுத்திலேயே திரும்ப மாட்டினாள். கொக்கியைச் சரிசெய்தாள்.

"எங்கிட்டக் குடுத்துட்டு எங்க போறீங்க? மாத்திரை கேக்குதான்னு பாக்கணுமாம், வாரம் ஒண்ணு அச்சடிச்சு மாசா மாசம் கொண்டாரச் சொல்லியிருக்காரு."