பிராதுப் பலகை

கடைசி ஆணியை அடிக்கும்போதுதான் பக்கத்து வீட்டு அம்சவல்லி வேலியோரம் வந்து, தன் பலகையைக் காணோம் என்றாள். சுத்தியல் சக்கரபாணியின் கட்டைவிரலில் விழுந்தது. வலி தெரியவில்லை. பயம் முந்திக்கொண்டது.

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறையிலிருந்து கடைகளுக்கு அகல் விளக்கு கொண்டுபோகிறவன் அவன். சைக்கிளின் இரும்பு கேரியர் குறுகல். வாரம் ஒரு கூடையாவது கவிழும், முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வான். அகலமாக மரத்தில் ஒரு கேரியர் செய்ய நினைத்தபோது, சந்தில் களிமண் அப்பிய பலகை ஒன்று சாய்ந்து கிடந்தது. கேட்பாரற்றது என்று எடுத்துவந்து அறுத்தும் விட்டான்.

"வெளக்கு காயவைக்கிற பலகை தம்பி. எவன் எடுத்தானோ, இன்னைக்கே கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டிடப் போறேன்."

"பலகைக்கா பிராது? ஸ்டேஷன்ல ஒரு வார்த்தை சொன்னா..."

"போலீசெல்லாம் வாணாம்" என்று அவசரமாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

மணவாளநல்லூர் கோயிலில் குறையைத் தாளில் எழுதிக் கட்டிவிட்டால், தொண்ணூறு நாளுக்குள் கொளஞ்சியப்பரே விசாரித்துத் தீர்த்துவைப்பார். கோழி திருடிய அவன் மாமனுக்கு எண்பத்தெட்டாம் நாள் வாய் கோணிக்கொண்டது. டாக்டர் வேறு காரணம் சொன்னார். யார் நம்பினார்கள்?

உண்மையைச் சொல்லிவிடலாம்தான். ஆனால் அறுத்த பலகையை எப்படித் திருப்பிக் கொடுப்பது? அடையாளம் தெரியாதிருக்கப் பட்டறைக் களிமண்ணைக் குழைத்து மேலே இன்னொரு பூச்சு பூசினான்.

அது காய்வதற்குள் அம்சவல்லி கிளம்பி வந்துவிட்டாள். கேரியர் புதிதா என்று கேட்டாள். பெண்ணாடத்தில் வாங்கினேன் என்று புளுகினான்.

"நல்லா அகலமாத்தான் இருக்குது. அப்ப என்னையும் கோயில்ல கொண்டு வுட்டுடு. பஸ்ஸக் காணோம்."

ஈரம் என்றால் ஏன் ஈரம் என்பாள். அவள் ஏறி உட்கார்ந்துவிட்டாள். பலகையைத் தேடுகிறவள் பலகை மேலேயே இருக்க, எடுத்தவன் மிதித்துக்கொண்டு போனான். வழியில் நின்ற பைக் கண்ணாடிகளில் எல்லாம் தன் வாய் நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டான்.

கோயிலில் பிராது எழுதுகிறவர் பழமலைநாதன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொருள் என்ன என்று கேட்டார். பலகை என்றாள் அம்சவல்லி.

"அடையாளம்?"

"அடையாளமெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்று முந்தானையைத் திருகினாள்.

பேனா தாளைத் தொட்டது. சக்கரபாணியின் உதடு ஒரு பக்கமாக இழுத்தது, இழுத்தது போலத்தான் இருந்தது. அவன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

"எழுதாதீங்கய்யா. நாந்தான் எடுத்தேன். வெளியில சைக்கிள்ல இருக்குது."

மூவரும் வெளியே வந்தார்கள். களிமண் மொத்தமும் அம்சவல்லியின் புடவைக்குப் போயிருந்தது. பலகையில் பச்சைப் பெயின்ட் மேல் வெள்ளை எழுத்து: 'கோயில் உபயோ'. மிச்சத்தை ரம்பம் தின்றிருந்தது.

அம்சவல்லி முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள்.

பழமலைநாதன் பலகையைத் தடவிப் பார்த்தார். "எங்க பெஞ்சுப் பலகையக் காணோம்னு போன மாசம் நானே ஒரு பிராது கட்டினேன். பரவால்ல, எடுத்தவங்களையே அது மேல ஏத்தி சாமி சைக்கிள்ல அனுப்பிட்டாரு."